பிளேட்டிங்குக்கு அனுப்பும் முன் ஜாப் கழுவுவது: மண்ணெண்ணெய் போதாதா?

மேட்டுப்பாளையம் லேத் | செவ்வாய் இரவு 9.40

வணக்கம். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் சின்ன ஷெட், இரண்டு சிஎன்சி லேத், ஒரு விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மிஷின்), ஆட்கள் என்னையும் சேர்த்து ஆறு பேர். எம்எஸ் (சாதா இரும்பு) பிளாக் ஜாப் ஒன்று ரெகுலராக ஓடுகிறது. 40க்கு 40, கனம் 25, மேல்பக்கம் எம்6 டேப் (6 மில்லி போல்ட் ஏறும் மரை ஓட்டை) நாலு, எல்லாமே பிளைண்ட் ஹோல் (அடி மூடியது), ஆழம் 14 மில்லி. இதைக் கடலூருக்கு ஜிங்க் பிளேட்டிங் (துத்தநாகப் பூச்சு) அனுப்புகிறோம், 8 மைக்ரான்.

போன லாட் 600 போனது, 143 திரும்பி வந்துவிட்டது. ஓட்டைக்குப் பக்கத்தில் பிளேட்டிங் ஏறவே இல்லை, சிலதில் கொப்புளம், நகத்தால் சுரண்டினால் தோல் மாதிரி உரிகிறது. பிளேட்டர் ஒரே வார்த்தையில் "உங்க ஜாப்ல எண்ணெய்" என்று முடித்துவிட்டார். நாங்கள் கழுவாமல் அனுப்புவதில்லை. மண்ணெண்ணெய்த் தொட்டியில் போட்டு பிரஷ் அடித்து, ஏர் கன்னால் ஊதி, வேஸ்ட் துணியில் துடைத்து, பேப்பர் சுற்றிப் பெட்டியில் அடுக்கித்தான் அனுப்புகிறோம்.

திரும்ப வந்தால் நஷ்டம் பிளேட்டிங் கூலி மட்டும் இல்லை. கடலூர் இங்கிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனாலும் மாநிலம் தாண்டுகிறது, அதனால் ஜாப் ஒர்க் சரக்கு எவ்வளவு சின்னதானாலும் இ-வே பில் (ஜிஎஸ்டியின் சரக்குச் சீட்டு). போக ஒன்று, வர ஒன்று. எல்லையில் முள்ளோடையில் வண்டி நின்றால் டிரைவர் எதற்கு நின்றார் என்று நான் கேட்பதையே விட்டுவிட்டேன்.

கேள்வி இதுதான். மண்ணெண்ணெய் போதாதா? பெட்ரோலா, தின்னரா? பக்கத்து ஷெட்காரர் ஆசிட்டில் ஒரு முக்கு முக்கி அனுப்பு என்கிறார்.

துத்தநாகம் | செவ்வாய் இரவு 10.25

நானும் பிளேட்டர்தான், ஆனால் உங்கள் பிளேட்டர் இல்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். அவர் சொன்னது சரி.

மண்ணெண்ணெயே ஒரு எண்ணெய். கெட்டியான கட்டிங் ஆயிலைக் கரைத்து இறக்கும், ஆனால் காய்ந்த பிறகு தன்னுடைய மெல்லிய படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும். டீசல் இன்னும் மோசம். அப்புறம் அந்தத் தொட்டி. எத்தனை நாளைக்கு ஒரு தரம் மாற்றுகிறீர்கள்? எல்லா ஷெட்டிலும் பார்த்திருக்கிறேன், டீ டிகாக்‌ஷன் கலருக்கு வந்த பிறகும் அதே தொட்டிதான். முதல் ஐம்பது ஜாப்பில் இறங்கிய எண்ணெயை அடுத்த ஐந்நூறு ஜாப்புக்குச் சமமாகப் பங்கு வைக்கிற வேலை அது.

ஆசிட் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கே முக்கிவிடுவீர்கள். ஆசிட் துருவை எடுக்கும், ஸ்கேலை (சூட்டில் படிந்த ஆக்சைடு தோலை) எடுக்கும், எண்ணெயை எடுக்காது. எண்ணெய் இருக்கிற இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, இல்லாத இடத்தை மட்டும் கடிக்கும். மேலே திட்டுத்திட்டாகப் படம் வரைந்த மாதிரி வரும். எண்ணெய் முதலில், துரு அப்புறம். இந்த வரிசை மாறவே கூடாது.

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் மண்ணெண்ணெய்க்கே பயப்பட வேண்டும், பெட்ரோல் ஆவி தரையோடு ஊர்ந்து போய் எங்கேயோ இருக்கிற கிரைண்டர் பொறியைத் தேடிப் பிடிக்கும்.

ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். வெறும் இரும்பாகத் தெரிகிற இடம் ஓட்டையிலிருந்து ஒரு பக்கமாக வழிந்த மாதிரி இருக்கிறதா? அல்லது பிளேட்டிங் நன்றாக ஏறி, நாலைந்து நாள் கழித்து ஓட்டை வாயில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா? இரண்டும் வேறு வேறு வியாதி.

மேட்டுப்பாளையம் லேத் | செவ்வாய் இரவு 10.50

அண்ணே, டிகாக்‌ஷன் கலர் என்று சொன்னது வலிக்கிறது, ஏனென்றால் அதே கலர்தான். 143ஐயும் மேசையில் கொட்டிப் பார்த்தேன். வழிந்த மாதிரி இருப்பது 110க்கு மேல். வெள்ளைப் பொடி இருபது சொச்சம். மிச்சம் கொப்புளம்.

இன்னொரு கேள்வி. பிளேட்டரிடமே டிகிரீஸிங் டேங்க் இருக்கிறதே, அதில் இது போகாதா?

துத்தநாகம் | புதன் காலை 6.35

போகும், போகிற அளவு வரைக்கும். அந்த டேங்க் மெல்லிய படலத்துக்காக வைத்திருப்பது. பத்துப் பேர் ஜாப் அதில் இறங்குகிறது. உங்கள் ஓட்டைக்குள் 14 மில்லி ஆழத்தில் டேப்பிங் ஆயிலும் இரும்புச் சுருளும் சேர்ந்து இறுகிக் கிடந்தால், பத்து நிமிட டிப்பில் அது வெளியே வராது. வெளிப்பக்கம் சுத்தமாகி, ஆசிட் முடிந்து, கடைசியில் பிளேட்டிங் டேங்கில் இறங்கும்போது சாவகாசமாகக் கசியும். அதுதான் வழிந்த கோடு.

வெள்ளைப் பொடி வேறு கதை. அது எண்ணெய் இல்லை, ஓட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஆசிடோ பிளேட்டிங் கரைசலோ நாள் கழித்து வெளியே வந்து ஜிங்க்கைத் தின்கிறது. அதில் பாதிப் பழி எங்கள் ஆட்கள் மேல். ரின்ஸ் போதவில்லை, காய வைத்தது போதவில்லை.

சேதராப்பட்டு பவுடர் | புதன் காலை 8.10

பவுடர் கோட்டிங்கிலும் இதே கூத்துதான், எங்களுக்கு ஓவன் இருப்பதால் உடனே தெரிந்துவிடும். 180, 200 டிகிரியில் ஓட்டைக்குள் இருக்கிற எண்ணெய் கொதித்துப் பவுடரைத் தள்ளிக்கொண்டு வரும், சுற்றிலும் எரிமலை வாய் மாதிரி பள்ளம் விழும்.

எங்களிடம் செவன் டேங்க். எண்ணெய் எடுக்க ஒன்று, தண்ணீர், துரு எடுக்க ஒன்று, தண்ணீர், பவுடர் பிடிக்க வைக்கும் பாஸ்பேட் படலத்துக்கு ஒன்று, தண்ணீர், கடைசியில் அந்தப் படலத்தைக் காக்கப் பாசிவேஷன். பாஸ்பேட்டுக்கு முன்னால் ஆக்டிவேஷன் (படிகத்துக்கு வித்து போடுகிற டிப்) வைத்தால் படிகம் பொடிப்பொடியாக, நெருக்கமாக வரும், நிறையப் பேர் காசு மிச்சம் என்று அதை விட்டுவிடுகிறார்கள். எண்ணெய், துரு, பாஸ்பேட் மூன்றும் ஒரே டிப் என்று ஒரு கெமிக்கல் விற்கிறார்களே, அதையும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஜன்னல் கம்பி, கேட் மாதிரி சாமானுக்கு ஓடும், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

துத்தநாகம் | புதன் காலை 8.25

நான் சொல்வேன். ஒரே டிப்பில் மூன்று வேலை என்றால் மூன்றும் அரை வேலை. அது அமிலக் கரைசல், எண்ணெய் கனமாக இருந்தால் அடியில் ஒன்றும் நடக்காது, இரண்டு வாரத்தில் கரைசல் மேலே எண்ணெய் ஆடை கட்டும். ஜாப் வெளியே வரும்போது அந்த ஆடையைப் போர்த்திக்கொண்டு வரும்.

சேதராப்பட்டு பவுடர் | புதன் காலை 9.05

கேட்டுக்கு ஓடும் என்றுதான் சொன்னேன், ஆட்டோமொபைலுக்கு என்றா சொன்னேன்? நாலு வருசமாகக் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டு கேட் நிற்கிறது, அடிப்பக்கம் தவிர நன்றாகவே இருக்கிறது. சரி, அடிப்பக்கம் போய்விட்டது. விடுங்கள்.

ஒரு விஷயம், ஷீட் மெட்டல் செய்பவர்களுக்கு. லேசரில் ஆக்சிஜன் வைத்து வெட்டினால் ஓரத்தில் கருநீல ஆக்சைடு தோல் நிற்கும். எத்தனை டேங்கில் கழுவினாலும் பவுடர் அதன் மேல்தான் உட்காரும், ஆறு மாதத்தில் தோலோடு சேர்ந்து கழன்றுவிடும். தேய்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் நைட்ரஜன் வைத்து வெட்டச் சொல்ல வேண்டும்.

டிப்ளமோ கடைசி வருசம் | புதன் மதியம் 1.15

அண்ணா, ஷாட் பிளாஸ்ட் (இரும்புக் குண்டுகளை வேகமாக அடிப்பது) செய்தால் எல்லாமே போய்விடாதா? அல்லது அல்ட்ராசோனிக்? லேசர் கிளீனிங் வீடியோ பார்த்தேன், துரு அப்படியே மாயமாகிறது.

நெய்வேலி வெல்டர் | புதன் மதியம் 2.00

தம்பி, எண்ணெயோடு பிளாஸ்ட் செய்தால் குண்டு எண்ணெயை இரும்புக்குள் அடித்து இறக்கும், அது மட்டுமில்லை, மிஷினுக்குள் இருக்கிற மொத்தக் குண்டும் எண்ணெயாகி அடுத்து வருகிற சுத்தமான ஜாப்பையும் கெடுக்கும். நாங்கள் பெரிய ஸ்ட்ரக்சர் பெயிண்ட் வேலையில் முதலில் சால்வென்ட்டில் துடைத்துவிட்டுத்தான் பிளாஸ்ட். பிளாஸ்ட் முடித்ததும் பிரைமர் அடித்துவிட வேண்டும். கடல் பக்கம் வேலை என்றால் சாயங்காலம் பிளாஸ்ட் செய்து காலையில் பெயிண்ட் என்பதே கிடையாது, விடிந்தால் மொத்தமும் பழுப்பு.

லேசர் நல்ல சாமான்தான். பார்வைக்கு நேராகத் தெரிகிற இடத்தைச் சுத்தம் செய்யும். எம்6 ஓட்டைக்குள் அது எட்டிப் பார்க்காது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது விளையாட்டு இல்லை. டப்பாவில் வருகிற பிரேக் கிளீனரில் குளோரின் உள்ள வகை உண்டு. அதில் துடைத்த ஜாப்பை ஈரம் காயும் முன் வெல்டிங் வைக்காதீர்கள். ஆர்க் சூட்டிலும் வெளிச்சத்திலும் அந்த ஆவி பாஸ்ஜீன் ஆகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற வாயு அது.

கடலூர் ஓடி | புதன் இரவு 8.30

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் கெமிக்கல் பிளாண்டில் இருபது வருசத்துக்கு மேல் இருந்தவன், இப்போது ரிட்டயர். குளோரின் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன்.

ஒரு காலத்தில் ட்ரைகுளோரோஎத்திலீன்தான் ராஜா. டேங்க் அடியில் சூடாக்குவார்கள், 87 டிகிரியில் கொதிக்கும், ஆவி மேலே நிற்கும், மேலே சுற்றிலும் குளிர்ந்த தண்ணீர்க் குழாய். குளிர்ந்த ஜாப்பை ஆவியில் இறக்கினால் ஆவி அதன் மேல் தண்ணீர் மாதிரி திரண்டு, எண்ணெயைக் கரைத்துக்கொண்டு சொட்டும். ஜாப்பும் ஆவியும் ஒரே சூட்டுக்கு வந்ததும் சொட்டுவது நின்றுவிடும், எடுத்தால் உலர்ந்தே வரும். அழகு என்னவென்றால் ஜாப் மேல் படுவது எப்போதும் புதுசாகக் காய்ச்சி வடித்த சால்வென்ட், அழுக்கு கீழே கொதிகலனிலேயே தங்கிவிடும். உங்கள் மண்ணெண்ணெய்த் தொட்டியால் செய்ய முடியாத காரியம் இதுதான்.

ஆனால் அதன் விலை உடம்பு. லேசான இனிப்பு வாசனை, தலை கிறுகிறுக்கும், பையன்களுக்கு அது பழகியும் போகும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் தடை விதியே போட்டார்கள். அதற்கும் முன்னால் கார்பன் டெட்ராகுளோரைடில் கை விட்டுக் கழுவிய காலம் உண்டு, அது ஓசோனைக் கெடுப்பதாக மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் சேர்ந்து இங்கே 2010 பிறந்ததும் நின்றது. இன்னமும் யாராவது திறந்த தொட்டியில் ட்ரைகுளோரோ வைத்திருந்தால், தொட்டியை விட அந்த ஆளை முதலில் வெளியே எடுங்கள்.

நீங்கள் போக வேண்டிய வழி சூடான கார (ஆல்கலி) வாஷ். வெறும் காஸ்டிக் சோடா வாங்கிக் கரைத்துவிடாதீர்கள். காஸ்டிக் தேங்காயெண்ணெயைச் சோப்பாக்கும், மாட்டுக் கொழுப்பைச் சோப்பாக்கும். கட்டிங் ஆயில் பெட்ரோலியத்தில் வந்தது, அது எந்தக் காலத்திலும் சோப்பாகாது. அதைப் பிரித்துத் தண்ணீரில் மிதக்க விட ஈரமூட்டி சேர்ந்த கிளீனர் வேண்டும், சிலிகேட், சோடா, பாஸ்பேட் எல்லாம் அளவாகக் கலந்து தூளாகவே விற்கிறார்கள். லிட்டருக்கு நாற்பது ஐம்பது கிராம், 65 முதல் 75 டிகிரி, பத்து நிமிடம், ஜாப்பை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா ஊற வைத்தால் பாதிப் பலன்தான்.

இதே டேங்கில் மறந்தும் அலுமினியத்தைப் போடாதீர்கள். நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் கிளம்பும், ஜாப் கறுத்துக் கரையும். அலுமினியத்துக்கும் ஜிங்க் டை காஸ்டிங்குக்கும் மென்மையான கிளீனர் தனி.

க்யூசி அக்கா | புதன் இரவு 9.45

ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். எல்லோரும் எதில் கழுவுவது என்றே பேசுகிறீர்கள், கழுவியது சுத்தமா என்று எப்படிப் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

செலவே இல்லாத சோதனை ஒன்று. கழுவி அலசிய ஜாப்பை நல்ல தண்ணீரில் முக்கித் தூக்குங்கள். தண்ணீர் உடையாமல் கண்ணாடி விரித்த மாதிரி முழுப் பரப்பிலும் நிற்க வேண்டும், ஒரு அரை நிமிடமாவது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாகச் சுருண்டால் அங்கே பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம். இதில் ஒரு ஏமாற்று உண்டு. கிளீனரின் சோப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் தண்ணீர் அழகாக விரிந்து நின்று உங்களைச் சிரிக்க வைக்கும். அதனால் நீர்த்த ஆசிடில் ஒரு முக்கு, மறுபடி அலசல், அப்புறம் பாருங்கள்.

பிசுக்கு வேறு, துகள் வேறு. பிளேட்டிங்குக்குப் பிசுக்கு எமன். ஹைட்ராலிக் வால்வு மாதிரி அசெம்பிளிக்குத் துகள் எமன். எங்களிடம் ஜாப்பைக் கழுவிய திரவத்தை 5 மைக்ரான் மெம்பரேன் வழியாக இழுத்து, காய வைத்து, எத்தனை மில்லிகிராம், பெரிய துகள் எத்தனை மைக்ரான் என்று பார்க்கிறோம், ஐஎஸ்ஓ 16232 என்று அதற்குத் தரநிலையே இருக்கிறது. உங்கள் பிளாக்குக்கு அவ்வளவு தேவையில்லை.

தம்பி கேட்ட அல்ட்ராசோனிக் இந்த ஓட்டைக்கு நல்ல யோசனைதான். 25 முதல் 40 கிலோஹெர்ட்ஸில் பொடிக் குமிழிகள் உண்டாகி உடைகிற அதிர்ச்சியில் அழுக்கு கழன்று வரும். ஆனால் ஓட்டை வாய் கீழே பார்த்தபடி இறக்கினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும், காற்று இருக்கிற இடத்தில் ஒன்றும் நடக்காது. டேங்க் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சமையலறை அலுமினிய ஃபாயிலை ஒரு நிமிடம் தொங்க விடுங்கள், சல்லடை மாதிரி பரவலாகப் பொத்தல் விழ வேண்டும்.

கடைசியாக ஒன்று. லேத் அண்ணா, கழுவிய பிறகு ஏர் கன்னால் ஊதுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காற்றை ஒரு வெள்ளைத் தாளில் ஒரு நிமிடம் ஊதிப் பார்த்தீர்களா?

மேட்டுப்பாளையம் லேத் | வியாழன் காலை 10.20

அக்கா, இப்போதுதான் ஊதினேன். தாளின் நடுவில் ஐந்து ரூபாய் அளவுக்கு மஞ்சள் வட்டம், சுற்றிலும் பொடிப்பொடியாக ஈரம். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் வடைப் பொட்டலம் மாதிரி ஊடே தெரிகிறது.

கம்ப்ரஸர் பழசு, ரிங் தேய்ந்திருக்கிறது என்று தெரியும், ஆயில் குடிக்கிறது என்று திட்டிக்கொண்டே ஊற்றிக்கொண்டிருந்தேன். குடித்த ஆயில் எங்கே போகிறது என்று இவ்வளவு நாள் யோசிக்கவில்லை. ஓட்டை ஓட்டையாக நாங்களே ஊதி ஊதி நிரப்பியிருக்கிறோம்.

துத்தநாகம் | வியாழன் காலை 10.40

அக்காவுக்கு ஒரு கும்பிடு. இருபத்திரண்டு வருசமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு பார்ட்டியிடமும் இதைக் கேட்டதில்லை.

ஏர் லைனில் ஃபில்டர் போடுங்கள், தண்ணீர் பிரிக்கிறது மட்டும் போதாது, ஆயில் பிடிக்கிற வகை. ரிசீவர் (கம்ப்ரஸரின் காற்றுத் தொட்டி) அடிக்குழாயைத் தினம் திறந்து விடுங்கள். அப்புறம் அந்த வேஸ்ட் துணி. பனியன் கடை வேஸ்ட்டில் யார் என்ன துடைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? சிலிகான் ஸ்பிரே பட்ட துணி ஒன்று போதும், பெயிண்ட் வேலையில் மீன் கண் மீன் கண்ணாகக் குழி விழும், கார வாஷில் சிலிகான் லேசில் போகவே போகாது. கழுவிய ஜாப்பை வெறும் கையால் தொடுவதும் அப்படித்தான். நம் ஊர் வியர்வைக்கு மறுநாள் காலையில் கட்டைவிரல் ரேகை துருவிலேயே அச்சாகி இருக்கும், பத்திரப் பதிவு அலுவலகத்தில் வைக்கிற மாதிரி.

கடலூர் ஓடி | வியாழன் மதியம் 3.10

கார வாஷ் போடப் போகிறீர்கள் என்றால் அலசல் தண்ணீரைப் பற்றி. போர் தண்ணீரா? டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) பார்த்தீர்களா? ஆர்ஓ மிஷின் சர்வீஸுக்கு வருகிற பையனிடம் பேனா மாதிரி மீட்டர் இருக்கும். கடலோரப் போரில் உப்பு ஏறியிருந்தால் அதில் உள்ள குளோரைடு, அலசிய கையோடு ஜாப்பைப் பழுப்பாக்கும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஒரு மணி நேரத்தில் ஜாப்போடு ஒட்டிக்கொண்டு ஒரு லிட்டர் கார நீர் அலசல் டேங்குக்குப் போகிறது என்று வையுங்கள். ஒரே டேங்க் வைத்து அதை நூறில் ஒரு பங்காக நீர்க்க மணிக்கு 100 லிட்டர் புதுத் தண்ணீர் விட வேண்டும். இரண்டு டேங்க் வைத்து, புதுத் தண்ணீரைக் கடைசி டேங்கில் விட்டு, அது வழிந்து முதல் டேங்குக்கு வருகிற மாதிரி செய்தால் மணிக்கு 10 லிட்டர் போதும், அதே சுத்தம். பத்தும் பத்தும் பெருக்கினால் நூறு. ஜாப் ஒரு திசையில், தண்ணீர் எதிர்த் திசையில். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், போய்ப் பார்த்தால் ஒரே டிரம்மில் குழாயைத் திறந்து விட்டிருப்பார்கள்.

கழுவிய தண்ணீரையும் பழைய மண்ணெண்ணெயையும் வாய்க்காலில் விடாதீர்கள். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பேட்டைகளுக்கு மார்க் போட்டது, 70ஐத் தாண்டினால் மிக மோசம் என்று பட்டியல். எங்கள் கடலூர் தாண்டியது. சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டுப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த மார்க்கைத் தாளில் பார்க்க வேண்டிய அவசியமில்லை, மூக்கே சொல்லும். புதுச்சேரியில் உங்களுக்கென்று தனி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் இருக்கிறது, டேங்க் வைக்கும் முன்னால் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள், பின்னால் ஓட வேண்டாம்.

டிப்ளமோ கடைசி வருசம் | வியாழன் மாலை 6.00

ஒரு சந்தேகம். ஆசிட் எண்ணெயை எடுக்காது என்று புரிந்தது. எண்ணெயை எடுத்த பிறகு ஆசிடில் அதிக நேரம் வைத்தால் இன்னும் சுத்தமாகத்தானே ஆகும்?

துத்தநாகம் | வியாழன் இரவு 9.15

ஆகாது, தம்பி. துரு போனதும் ஆசிட் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும், அப்போது ஹைட்ரஜன் கிளம்பி ஒரு பங்கு இரும்புக்குள்ளேயே நுழைந்துவிடும். சாதா எம்எஸ்ஸுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கடினப்படுத்திய ஸ்டீல், ஸ்பிரிங் என்றால் ஆபத்து.

நான் வேலை பழகின இடத்தில் நடந்தது. ஸ்பிரிங் கிளிப், கையகலம்கூட இருக்காது. துரு அதிகம் என்று ஒரு பையன் இருபது நிமிடம் ஆசிடில் விட்டுவிட்டான், பிளேட்டிங் பளபளவென்று வந்தது, பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டோம். மறுநாள் பெட்டியைத் தூக்கினால் உள்ளே சலசலவென்று சத்தம். யாரும் தொடாமலேயே பாதி கிளிப் இரண்டாக உடைந்து கிடந்தது. அந்த மாதிரி ஜாப்பை முடிந்தவரை ஆசிடே இல்லாமல், கரண்ட் வைத்துக் கார டேங்கில், ஜாப்பை ஆனோடாக (பிளஸ் முனையாக) மாட்டிக் கழுவ வேண்டும், அங்கே ஜாப்பில் வருவது ஆக்சிஜன்தான். பிளேட்டிங் முடிந்து நாலு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி ஓவனில் பல மணி நேரம் வைத்து உள்ளே போன ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். மறுநாள் வைத்தால் உபயோகம் இல்லை.

மேட்டுப்பாளையம் லேத் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு காலை 11.30

வந்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கரண்ட் இல்லை, அதனால் தாமதம்.

அறுபது ஜாப் எடுத்து இருபது இருபதாக மூன்று கூறு போட்டேன். முதல் கூறு பழைய மாதிரியே, டிகாக்‌ஷன் தொட்டி, பழைய காற்று. இரண்டாவது, அழுக்குத் தொட்டி, சுத்தத் தொட்டி என்று இரண்டு மண்ணெண்ணெய், அப்புறம் 70 டிகிரி கார வாஷ், இரண்டு அலசல், கடைசியில் 80 டிகிரி வெந்நீர். ஆனால் பழைய காற்றிலேயே ஊதினேன். மூன்றாவது கூறுக்கு எல்லாம் இரண்டாவது மாதிரியே, ஏர் லைனில் மட்டும் புது ஃபில்டர்.

பிளேட்டரிடம் எது எந்தக் கூறு என்று சொல்லவில்லை, பெட்டிக்கு அடியில் பஞ்ச் குறி மட்டும் போட்டேன். முதல் கூறில் ஐந்து போனது. இரண்டாவதில் நாலு! அத்தனையும் கழுவி, கேஸ் செலவு செய்து, நாலு. மூன்றாவதில் வழிந்த கோடு ஒன்றுகூட இல்லை.

தண்ணீர் சோதனையையும் செய்தேன். இரண்டாவது கூறு ஜாப்பை ஊதும் முன் முக்கினால் கண்ணாடி மாதிரி விரிந்தது. ஊதிவிட்டு முக்கினேன், ஓட்டையைச் சுற்றி மட்டும் நாலு நிலா மாதிரி தண்ணீர் விலகி நின்றது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் "இதுக்கா ரெண்டு வாரம்" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

டேப்பிங் ஆயிலையும் மாற்றிவிட்டேன். பையன் பிரஷ்ஷில் தொட்டு வைக்கிற அந்தக் கெட்டி ஆயிலை நிறுத்தி, கூலண்ட்டிலேயே டேப் போடச் செய்தேன், டேப் ஆயுள் கொஞ்சம் குறைகிறது. மிஷினிலிருந்து இறங்கிய அன்றே கழுவல். முன்பெல்லாம் சனிக்கிழமை இறங்கியது திங்கள் வரை சுருளோடு காயும். டிடிஎஸ் 1,400 காட்டியது, கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் வைத்திருக்கிறேன். வெந்நீரிலிருந்து எடுத்தால் ஜாப் தன் சூட்டிலேயே ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது, 25 மில்லி கனம் என்பதால் சூடு நிற்கிறது. ஓட்டைக்குள் மட்டும் ஊத வேண்டியிருக்கிறது.

ஒன்றுதான் பாக்கி. மூன்றாவது கூறிலேயே இரண்டு ஜாப்பில் ஒன்பதாம் நாள் வெள்ளைப் பொடி எட்டிப் பார்க்கிறது.

துத்தநாகம் | ஞாயிறு மதியம் 12.05

அது எங்கள் பக்கம். ரேக்கில் எப்படி மாட்டுகிறார் என்று நேரில் போய்ப் பாருங்கள். வாய் மேலே பார்த்தால் கரைசலை மொண்டுகொண்டு வரும், கீழே பார்த்தால் காற்றைப் பிடிக்கும். சாய்வாக மாட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு டேங்கிலும் எடுக்கும்போது ஒரு கவிழ்ப்பு. முடியாது என்றால் எம்6 ரப்பர் அடைப்பான் கிடைக்கிறது, ஓட்டைக்குள் பிளேட்டிங் தேவையில்லை என்றால் அடைத்துவிடலாம். நாலு ஓட்டைக்கு நாலு என்று அடைக்க ஆள் கூலி பார்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம் லேத் | ஞாயிறு மதியம் 12.20

அண்ணே, அடைப்பானுக்குப் பதில் ஓட்டை அடியிலிருந்து பக்கவாட்டில் 2 மில்லியில் வடிகால் துளை ஒன்று போட்டுவிட்டால்? விஎம்சியில் எனக்கு அரை நிமிட வேலை.

க்யூசி அக்கா | ஞாயிறு மதியம் 12.45

டிராயிங்கில் இல்லாத துளையா? கஸ்டமரிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் டிரில்லைத் தொடாதீர்கள் அண்ணா. 143 திரும்பி வந்ததற்கே இவ்வளவு பேசினோம்.

மேட்டுப்பாளையம் லேத் | ஞாயிறு மதியம் 12.50

சரி அக்கா, நாளைக்கு மெயில் போடுகிறேன். அதுவரை அடைப்பான்.